கரடி நகரவில்லை

அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் குட்டி டிராகன் என்றொரு சின்ன ரோலர் கோஸ்டர் உண்டு. பதினோரு வருடமாக அதை ஓட்டுகிறவளை எல்லோரும் டிராகன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ரயிலின் பெயர் ஒட்டிக்கொண்டது என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். கூட வேலை செய்கிறவர்களைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

கோபமெல்லாம் பெற்றோர்கள் மேல்தான். நூறு சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தை அந்த ரயிலில் ஏறக்கூடாது. ஏறினால் மடியை அழுத்திப் பிடிக்கிற கம்பி சரியாகப் பிடிக்காது, வளைவில் குழந்தை அடியில் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதற்காகவே வாசலில் பலகையில் செய்த கரடி ஒன்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தக் கையில் தலை இடித்தால் ஏறலாம். இடிக்காமல் அடியில் புகுந்து போனால் வீட்டுக்குப் போய் வளர்ந்துவிட்டு வரவேண்டும். இவ்வளவு எளிய விஷயம் நாலெழுத்து படித்தவர்களுக்குப் புரிவதில்லை. ஷூவுக்குள் கைக்குட்டையை மடித்து வைத்துக் கூட்டிவருவார்கள். உச்சந்தலையில் கொண்டை போட்டுக் கூட்டிவருவார்கள். "லேசா எக்கி நில்லுடா" என்று காதில் ஓதுவார்கள். டிராகன் அக்காவிடம் அந்தப் பருப்பு வேகாது. ஷூவைக் கழற்றச் சொல்வாள், கொண்டையை அமுக்கிப் பார்ப்பாள், குனிந்து குதிகாலைப் பார்ப்பாள். பதினோரு வருடத்தில் ஒரு குழந்தைகூட அவளை ஏமாற்றி ஏறியதில்லை. அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இந்த நிலையில்தான் பூங்காவின் குடும்பப் பகுதியைப் புதுப்பித்துப் பெரிதாக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. பின்பக்க மதிலை இடித்து, அந்தப் பக்கத்துக் காலி மனையையும் சேர்த்து, இப்போது இருப்பதைப் போல இரண்டு மடங்கு. தண்ணீர் விளையாட்டு, ஏறி இறங்குகிற வலைப்பாலம், புதிதாக ஐந்து ரைடுகள். நுழைவாயிலில் வண்ணப் படம் மாட்டியிருந்தார்கள். படத்தில் இருந்த குழந்தைகள் ஒன்றுகூட அழவில்லை. அதைப் பார்த்ததுமே இது எவனோ அறைக்குள் உட்கார்ந்து வரைந்தது என்று டிராகன் அக்கா சொல்லிவிட்டாள். ஆனாலும் மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, விரிவாக்கம் முடிந்ததும் மொத்தக் குடும்பப் பகுதிக்கும் அவள்தான் சூப்பர்வைசர் என்று சொன்னபோது, கோபம் வராத முகத்தோடு வெளியே வந்தாள்.

முதல் வேலையாகப் பழைய பகுதிக்கு ரப்பர் தரை போட முடிவானது. குழந்தைகள் விழுந்தால் முட்டி பெயரக்கூடாதல்லவா. அவளுடைய தம்பிக்குத் தரை போடுவதுதான் தொழில். "என் தம்பி போட்டா குறை சொல்ல முடியாது சார்" என்று மேனேஜரிடம் அவளே போய்ச் சொன்னாள். சின்ன வேலைதான், ஆனால் இது நன்றாக அமைந்தால் விரிவாக்கம் முழுவதற்கும் தரை அவன் கையில். இரண்டு வருடமாகப் பெரிய வேலை எதுவும் கிடைக்காமல் அல்லாடிக்கொண்டிருந்தவன் அவன்.

பராமரிப்புக்காகப் பூங்கா மூடியிருந்த மூன்று நாட்களில் தம்பி வேலையை முடித்தான். அவன் கையில் சுத்தம் உண்டு. பச்சையும் ஆரஞ்சுமாக ரப்பர் கட்டைகளைப் பதித்து, கரடியின் காலைச் சுற்றி மட்டும் அச்சு எடுத்தாற்போல வளைத்து வெட்டியிருந்தான். பலகை கான்கிரீட்டில் போல்ட் போட்டது. அதைப் பெயர்ப்பானேன் என்று அப்படியே விட்டு, ரப்பரை அதன் காலோடு ஒட்டிக் கொண்டுவந்து சேர்த்திருந்தான். கரடி புல்லில் நிற்பதுபோல் இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள். டிராகன் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

தினமும் காலையில் பதினான்கு வரி கொண்ட ஒரு தாளில் அவள் கையெழுத்துப் போடவேண்டும். பிரேக் சரி, கம்பி சரி, சங்கிலி சரி என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துத்தான் டிக் போடுவாள். பதினோராவது வரி, உயர அளவு சரி. அதை மட்டும் அளக்காமலே போட்டுவந்தாள். கரடி எங்கே ஓடிவிடப் போகிறது?

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டம் எள் விழ இடமில்லாமல் இருந்தது. மூன்றாவது வளைவில் ரயில் திரும்பியபோது வேலியருகே நின்ற ஓர் அம்மா அலறுகிற சத்தம் கேட்டு டிராகன் அக்கா சிவப்புப் பொத்தானை அடித்தாள். ரயில் நின்றது. ஐந்து வயதுப் பையன் ஒருவன் கம்பிக்கு அடியில் நழுவி, பெட்டியின் அடித்தளத்தில் சுருண்டு கிடந்தான். உதடு கிழிந்திருந்தது. வேறொன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்று தெரிந்ததும்தான் அவளுக்குக் கோபம் பொங்கியது. இவள் கையால் அளந்து ஏற்றிய பையன் எப்படி நழுவுவான்? எழுந்து நின்றிருந்தால்தான் நழுவியிருக்க முடியும்.

"ஏம்மா, ஒரு நிமிஷம் ஒழுங்கா உக்காருன்னு பிள்ளைக்குச் சொல்லித் தரமாட்டீங்களா?" என்றாள், அத்தனை பேர் முன்னாலும்.

"அவன் எழுந்திருக்கல மேடம். நான் பாத்துட்டேதான் இருந்தேன்."

"நானும்தான் பாத்தேன். கம்பி போட்டு அனுப்பினது நான். உட்கார்ந்திருந்த பிள்ளை எப்படிம்மா கீழ போகும்?"

அந்த அம்மா பையனின் முகத்தைப் பார்த்தாள். பையன் அழுதுகொண்டே ஏதோ சொல்ல வந்தான், யாரும் காது கொடுக்கவில்லை. அன்று மாலை அறிக்கையில் டிராகன் அக்கா, 'ரயில் ஓடும்போது குழந்தை எழுந்து நின்றது, பெற்றோர் கட்டுப்படுத்தவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உண்மையில் அவள் பார்க்கவில்லை. அப்போது அடுத்த வரிசைக் குழந்தையின் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை மதியம் தம்பி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். மறுநாள் முதலாளி வந்து தரையைப் பார்த்துவிட்டு விரிவாக்க வேலையை யாருக்குக் கொடுப்பதென்று சொல்லப்போகிறார். அதற்குமுன் ஓரங்களை ஒரு தடவை சரிபார்க்க வந்திருந்தான். மகளுக்கு அந்த ரயில் மேல் உயிர். ஆனால் போன மாதம்தான் அவளுடைய அத்தையே அவளைக் கரடிக்கு அடியில் நிறுத்தி, "இன்னும் மூணு விரல் வளர்ந்துட்டு வா, என் தங்கம்" என்று திருப்பி அனுப்பியிருந்தாள். சொந்தம் என்பதற்காக விட்டுக்கொடுக்கிற ஆளா அவள்?

குழந்தை தானாகவே ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கரடிக்கு அடியில் நின்றது. தலை கையில் டொக்கென்று இடித்தது.

"அத்தை, இடிக்குது!"

"பாத்தியாக்கா, ஒரே மாசத்துல எப்படி வளந்துட்டா" என்று தம்பி சிரித்தான். "இவ அம்மா போடற சாப்பாட்டுக்கு இன்னும் ரெண்டு மாசத்துல உன்னைத் தாண்டிடுவா."

டிராகன் அக்கா சிரிக்கவில்லை. பதினோரு வருடத்தில் அவள் பார்த்த குழந்தைகளுக்குக் கணக்கில்லை. ஒரே மாதத்தில் மூன்று விரல் வளர்ந்த குழந்தையை அவள் பார்த்ததில்லை.

"உன் டேப்பைக் குடு" என்றாள்.

ரப்பரிலிருந்து கரடியின் கைவரைக்கும் அளந்தாள். தொண்ணூற்றாறு. திரும்ப அளந்தாள். தொண்ணூற்றாறுதான். ரப்பர் கட்டையின் கனம் எவ்வளவு என்று தம்பியிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை, அவன் முகம் வெளுத்திருந்தது. கரடி நகரவில்லை. தரைதான் நாலு சென்டிமீட்டர் ஏறியிருந்தது. தரையோடு சேர்ந்து பூங்காவுக்கு வந்த எல்லாக் குழந்தைகளும் ஏறியிருந்தார்கள்.

மூன்று வாரம். எத்தனை குழந்தைகள்? ஒவ்வொருவரின் ஷூவையும் கழற்றிவிட்டு, கொண்டையை அமுக்கிவிட்டு, அவளே கையைப் பிடித்து ஏற்றிவிட்டிருக்கிறாள். அந்தப் பையனின் கிழிந்த உதடு கண் முன்னால் வந்து நின்றது.

சங்கிலியை இழுத்து வாசலை மூடி, 'பழுது' என்ற அட்டையைத் தொங்கவிட்டாள். மருமகள் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். யாரும் சமாதானப்படுத்தவில்லை.

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டு வர்றேன்."

"அக்கா, இரு." தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "சாயங்காலம் மூடினதும் கரடியைக் கழட்டி, அடியில நாலு சென்டிமீட்டர் பலகை குடுத்து ஏத்திடறேன். அரை மணி நேர வேலை. நாளையிலேர்ந்து எல்லாம் சரியா இருக்கும். யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"அந்தப் பையன் விழுந்தானேடா."

"உதடுதானே. ஆறியிருக்கும். நாளைக்கு முதலாளி வர்றாரு. இதை இன்னிக்குச் சொன்னா என் கதை முடிஞ்சுது. உன் கதையும்தான். தினம் கையெழுத்துப் போட்டது நீதானே?"

கடைசி வார்த்தை உள்ளே போய்த் தைத்தது. அவன் மிரட்டவில்லை. அழாத குறையாகத்தான் சொன்னான். கரடியை ஏற்றிவிட்டால் இனிமேல் யாருக்கும் ஆபத்தில்லை என்பதும் உண்மைதான். அந்த உண்மையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவள் மேனேஜர் அறைக்குப் போகாமல் இருந்துவிட்டாள். இதைத்தான் கோழைத்தனம் என்பது. அவளுக்கும் அது தெரியாமலில்லை.

சாயங்காலம் தம்பி சொன்னபடியே செய்தான். டேப்பை வைத்துப் பார்த்தாள், சரியாக நூறு.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு முதலாளி வந்தார். மேனேஜர் வரைபடத்தைக் கையில் விரித்துக்கொண்டு எந்த மதில் போகும், எங்கே தண்ணீர் வரும் என்று காட்டிக்கொண்டே நடந்தார். பின்னால் தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். முதலாளி குனிந்து ரப்பரை அழுத்திப் பார்த்து, "நல்லா செஞ்சிருக்கீங்க" என்றார். தம்பி அக்காவைப் பார்த்தான். பல மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை அவள் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பையனும் வந்து நின்றார்கள். அம்மா கையில் அலுவலகச் சீட்டு ஒன்று இருந்தது.

"எங்க வருஷ பாஸை நிறுத்தி வச்சிருக்காங்க மேடம். உங்ககிட்ட மன்னிப்பு கேட்டு, இதுல கையெழுத்து வாங்கிட்டு வந்தா திரும்பக் குடுக்கறதா சொன்னாங்க." பையனின் தோளைத் தொட்டாள். "சொல்லு."

பையன் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். "நான் ரயில்ல எழுந்து நின்னேன். அம்மா சொன்னதைக் கேக்கல. சாரி ஆன்ட்டி. இனிமே நிக்கமாட்டேன்." உதட்டில் காய்ந்த கோடு ஒன்று தெரிந்தது.

டிராகன் அக்கா சீட்டை வாங்கிக்கொண்டாள். பேனா பையில் இருந்தது. எடுக்கக் கை வரவில்லை. அதற்குள் பையன், இனி எல்லாம் சரியாகிவிட்டது என்ற நினைப்பில், ஷூவைக் கழற்றிவிட்டுக் கரடிக்கு அடியில் போய் நின்றான். தலைக்கும் கைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி இருந்தது.

அம்மா குழம்பிப்போய்ப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை இடிச்சுதே?" என்றாள். பிறகு அவளே காரணமும் கண்டுபிடித்தாள். "அன்னிக்கு ஷூவோட நின்னிருப்பானோ?"

ஆமாம் என்று சொன்னால் போதும். ஒரே வார்த்தை. சத்தம் கேட்டு முதலாளியும் மேனேஜரும் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி பார்த்தான், தலையை மிக லேசாக அசைத்தான், வேண்டாம் என்று.

"இல்லம்மா" என்றாள் டிராகன் அக்கா. "ஷூவைக் கழட்டித்தான் நிறுத்தினேன். நான் எப்பவும் கழட்டுவேன். தரை போட்டதுல நாலு சென்டிமீட்டர் ஏறிடுச்சு, நான் அளக்காமயே டிக் போட்டிருக்கேன். உங்க பையன் ஏறக்கூடாத உயரம். நான்தான் ஏத்தினேன். அவன் நழுவிட்டான். அவன் எழுந்து நின்னதை நான் பாக்கல. பாத்ததா எழுதிட்டேன்."

மேனேஜர் வரைபடத்தைச் சுருட்டினார். முதலாளி, "எத்தனை நாளா?" என்று கேட்டார். "மூணு வாரமா" என்றாள். தரை போட்டது யார் என்று அவர் கேட்கவில்லை, பக்கத்தில் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். தம்பி நுழைவாயிலைப் பார்த்து நடந்தான். அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் நிற்கவில்லை.

அவளுக்குக் கிடைக்கவேண்டிய வசவு இன்னும் கிடைக்கவில்லை என்று அந்த அம்மாவின் பக்கம் திரும்பினாள். அவள் திட்டவில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளா எழுந்திருக்கலன்னுதான் சொல்லிட்டிருந்தான்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்க. நான் பாத்ததுகூட எனக்கே சந்தேகமாயிடுச்சு. பொய் வேற சொல்றியான்னு அடிச்சேன். தினமும் அடிச்சேன். நேத்துதான் ஆமா நின்னேன்னு ஒத்துக்கிட்டான்."

டிராகன் அக்கா கையெழுத்துப் போடாத சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பையன் ஷூவை மாட்டாமல் ரப்பரில் நடந்து அவள் அருகில் வந்தான். பெரியவர்கள் எல்லோரும் ஏன் பேசாமல் நிற்கிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. அவனுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்.

"ஆன்ட்டி, நான் அன்னிக்கு எழுந்து நின்னேனா, இல்லையா?"

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். அவள் மண்டியிட்டு அவன் உயரத்துக்கு வந்தாள்.

"நிக்கலப்பா" என்றாள். "நீ உக்காந்துதான் இருந்தே."

அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான், பிறகு மறுபடியும் இவளைப் பார்த்தான். இரண்டு பேரில் யாரை நம்புவதென்று அவனால் முடிவு செய்ய முடியவில்லை.