பக்கத்து வீட்டு வாசனை

இங்கிலாந்தின் வடக்கே பார்ன்ஸ்லியில் 'டீ' என்றால் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வயிறு நிறையச் சாப்பிடும் சாப்பாடு. தெற்கே சர்ரே பக்கம் அதே சொல்லுக்கு நாலு மணிக் கோப்பையும் ஒரு துண்டு கேக்கும்தான் பொருள். அந்தப் பக்கத்தார் எட்டு மணிக்குத்தான் சாப்பிடுவார்கள், அதற்கு டின்னர் என்று பெயர். பார்ன்ஸ்லியில் பிறந்து லண்டனில் வேலை பார்க்கும் ஜெம்மாவுக்கு இரண்டு அர்த்தமும் நன்றாகத் தெரியும்.

"அம்மா, சனிக்கிழமை எட்மண்டும் அவங்க அம்மாவும் டீக்கு வர்றாங்க" என்று அவள் போனில் சொன்னதும், பெவர்லி கறிக்கடைக்கு ஓடினாள். கட்டிக்கொள்ளப் போகிறவன் முதல் முறையாக வீட்டுக்கு வருகிறான். மாட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் காலையிலிருந்து குழைய வேகவிட்டு, பெரிய மண் சட்டியில் நிரப்பி, மேலே மாவை மூடி விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள். 'பை' என்று அவர்கள் சொல்லும் இந்த மாவு மூடிய கறிப் பண்டத்தில் பெவர்லிக்கு அந்தத் தெருவில் தனிப் பெயர் உண்டு.

பையை அடுப்புக்குள் வைத்துவிட்டு அவள் நிமிர்வதற்குள் வாசல் மணி அடித்தது. நாலு மணி. தலைமுடியைச் சுருட்ட மாட்டிய உருளைகளோடு போய்க் கதவைத் திறந்தாள். ஜெம்மா, எட்மண்ட், அவன் அம்மா ரோஸலிண்ட் மூவரும் நின்றார்கள்.

"உங்க டீயைப் பத்தி ஜெம்மா நிறையச் சொல்லியிருக்கா. ஒரு கோப்பை போதும், எங்களுக்காக அலையாதீங்க" என்றாள் ரோஸலிண்ட்.

பெவர்லி மகளைப் பார்த்தாள். மகள் திரைச்சீலையைப் பார்த்தாள்.

நேரத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு வந்துவிட்டார்கள் பாவம் என்றுதான் பெவர்லி நினைத்தாள். பை வேக இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. கேக் வாங்கவில்லை, இருந்த பிஸ்கட்டை அவள் புருஷன் நெவில் காலையிலேயே காலி செய்திருந்தார். வந்தவர்களை வெறும் வயிற்றோடு உட்கார வைக்க முடியுமா? ரொட்டியில் வெண்ணெயைத் தடவி, நடுவில் ஒரு பாக்கெட் உருளைக்கிழங்கு சிப்ஸைக் கொட்டி, உள்ளங்கையால் நொறுக்கி அழுத்தி, முக்கோணமாக வெட்டி வைத்தாள்.

நோயாளியின் கண்ணிமையைத் தூக்கிப் பார்க்கும் டாக்டர் போல ரோஸலிண்ட் மேல் ரொட்டியைத் தூக்கிப் பார்த்தாள்.

"பாரு எட்மண்ட். கடவுள் பிரெஞ்சுக்காரனுக்குச் சாஸைக் கொடுத்தாரு, இத்தாலிக்காரனுக்குத் தக்காளியைக் கொடுத்தாரு. நம்ம முறை வந்தப்போ கடையைச் சாத்திட்டாரு போல."

எல்லோரும் சிரித்தார்கள். பெவர்லியும் சிரித்தாள். இதைவிட மோசமாக அவளே தன் தோழிகளோடு சொல்லிச் சிரித்ததுண்டு.

"நான் காலேஜ்ல கெட்டில்லயே நூடுல்ஸ் வேகவெச்சு, கரண்டி இல்லாம, ஷூ மாட்டற கொம்பால அள்ளித் தின்னிருக்கேன்" என்றான் எட்மண்ட். "இன்னொண்ணு எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கோ தம்பி, கொம்பு வேணும்னாலும் தர்றேன்" என்றார் நெவில்.

அப்போது ஜெம்மா வாயைத் திறந்தாள். "எங்க வீட்டுச் சாப்பாட்டுல ரெண்டே நிறம்தான். பழுப்பு, அப்புறம் கருகின பழுப்பு."

பெவர்லியின் சிரிப்பு பாதியில் நின்றது. இத்தனை வருஷம் அந்தப் பழுப்பைத் தட்டு வழித்துத் தின்ற வாய் அது.

கொஞ்ச நேரத்தில் மாவு சிவக்கும் மணம் கூடத்துக்குள் வந்தது. ரோஸலிண்ட் மூக்கை உயர்த்தினாள். "என்ன வாசனை இது? நல்லா இருக்கே."

"பக்கத்து வீடு" என்றாள் ஜெம்மா சட்டென்று. "மார்ஜ் ஆன்ட்டி எப்பவும் ஏதாவது கிண்டிக்கிட்டே இருப்பாங்க."

நெவில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெவர்லி மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். இது என் அடுப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வரப்போகும் மாமியார் முன்னால் பெற்ற பெண் பொய்க்காரியாகிவிடுவாள். நாக்கைக் கடித்துக்கொண்டு இன்னொரு கோப்பை ஊற்றினாள்.

ஐந்தேகாலுக்கு ரோஸலிண்ட் எழுந்தாள். ஓட்டலில் டின்னருக்குச் சொல்லியிருக்கிறார்களாம். கோட்டு மாட்டி, கன்னத்தில் முத்தம் கொடுத்து, அம்மாவும் பிள்ளையும் காரில் போய்விட்டார்கள். ஜெம்மா ராத்திரி தங்குவதாக ஏற்பாடு.

பெவர்லி கதவைச் சாத்தினாள்.

"நாலு மணின்னு அவங்ககிட்டச் சொன்னது நீதானே?"

"அவங்களுக்கு டீன்னா நாலு மணிதாம்மா."

"எனக்கு டீன்னா என்னன்னு உனக்குத் தெரியாதா?"

ஜெம்மா காலிக் கோப்பைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"பை வேகறதுக்குள்ள கிளப்பிடலாம்னு கணக்குப் போட்டே."

"சட்டியோட கொண்டுவந்து மேசை நடுவுல வெச்சுக் கரண்டியால அள்ளிப் போடுவே. அவங்க சிரிச்சிருப்பாங்கம்மா."

"சிரிக்கட்டுமே. சிப்ஸுக்குந்தான் சிரிச்சாங்க, நானும் சேர்ந்துதானே சிரிச்சேன். என் சமையலை எவ்வளவு வேணும்னாலும் கேலி பண்ணு. என் அடுப்பு என்னோடது இல்லேன்னு சொல்ல நீ யாருடி?"

ஜெம்மா தலையைக் குனிந்துகொண்டு மேசையருகே உட்கார்ந்தாள். பழக்கதோஷம், கை தானாகத் தட்டைத் தன் பக்கம் இழுத்தது.

பெவர்லி அடுப்பைத் திறந்து சட்டியை வெளியே எடுத்தாள். மேல்மாவு பொன்னிறத்தில் உப்பி, ஓரத்தில் குழம்பு கொதித்து வழிந்திருந்தது. ஜெம்மா தட்டை நீட்டினாள். அதில் இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு பாக்கெட் சிப்ஸும் விழுந்தன.

"அம்மா…"

"பக்கத்து வீட்டு வாசனைன்னு சொன்னே இல்ல? அது அதோட வீட்டுக்கே போகட்டும்."

சட்டியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பெவர்லி நடந்தாள். நெவில் மகளைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், கத்தியும் முள்கரண்டியும் எடுத்துக்கொண்டு சட்டியின் பின்னால் போனார்.

மார்ஜ் காரணம் கேட்கவில்லை, தட்டு எடுத்து வைத்தாள். அந்தத் தெருவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். மூன்று பேரும் பாதி சாப்பிட்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் 'நறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு, இன்னொன்று.

"என்ன அது, எலியா?" என்றாள் மார்ஜ்.

"இல்ல" என்றார் நெவில், குழம்பை ரொட்டியால் துடைத்தபடி. "எங்க பொண்ணு டீ சாப்பிடறா."

பெவர்லி சிரிக்கவில்லை. இன்னொரு கரண்டி அள்ளி மார்ஜின் தட்டில் போட்டாள்.