நீலப் பட்டு இல்லாமல்

மூடாத சவப்பெட்டியின் மேல் அம்மாவின் மார்புவரை விரித்திருந்த நீலப் பட்டை மகள் இரண்டு கையாலும் உருவி எடுத்தாள். ஓரத்து ஜரிகை கைப்பிடியில் சிக்கியது. அதையும் விடுவித்து, மடித்து, ஆலயக் கமிட்டித் தலைவரிடம் நீட்டினாள்.

"என்னம்மா இது? மாதாவைப் பாத்தவங்களுக்கு மட்டும் போத்துற பட்டு. ஒரு மரியாதைக்குத்தான் போட்டோம்."

"எங்கம்மா பாக்கலையே."

"மெதுவாப் பேசும்மா. வெளியூர் ஜனமெல்லாம் வந்திருக்கு."

மகள் பஸ் ஓட்டுகிறவள். மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை, குறுக்கே வருகிறவர்களுக்கு வழிவிட்டும் பழக்கமில்லை.

"அவங்களும் கேக்கட்டும். எங்கம்மா மாதாவைப் பாக்கல."

அம்மாவின் இளவயதில், சலவைக்கூடத்து மொட்டை மாடியில் நான்கு பெண்கள் விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே மாதா நின்றதை மூன்று பேர் பார்த்தார்கள். அதே விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த அம்மாவுக்குத் தொட்டியும் வானமும்தான் தெரிந்தன. ஆயர் அனுப்பிய விசாரணைக் குழு வந்தபோது, நீயும் பார்த்தேன் என்று சொல்லிவிடு, என்ன குறைந்துவிடப் போகிறது என்று ஊரே கெஞ்சியது. அம்மா மசியவில்லை. "நான் பாக்கல. ஆனா அவங்க பாத்தாங்க. அவங்க மூஞ்சிய நான் பாத்தேன்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

சலவைக்கூடம் இருந்த இடத்தில் இன்று ஆலயம். கண்ட மூவருக்கும் அங்கே முன்வரிசை நாற்காலி. அம்மா பலிபீடத் துணிகளை வெளுத்துக் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் முழங்காலிடுவாள். 'பாக்காதவ பொண்ணு' என்று பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டபோதெல்லாம் மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். இன்று அதைச் சொல்லி யாராவது கூப்பிடமாட்டார்களா என்று இருந்தது.

நேற்று அம்மாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, இதே தலைவர் கட்டில்மேல் குனிந்து கேட்டார். "இப்பவாவது மாதா தெரியுறாங்களாம்மா?"

"உங்க தலைதான் தெரியுது. கொஞ்சம் நகருங்க" என்றாள் அம்மா. பிறகு மகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "அவங்களுக்கு என்னைத் தெரியுதில்ல, அது போதும்" என்றாள். அதற்கப்புறம் பேசவில்லை.

வாசலில் கூட்டம் விலகியது. கண்ட மூவரில் மிஞ்சியிருந்த அத்தை, தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்.

தலைவருக்கு உயிர் வந்தது. "நீங்களே சொல்லுங்கம்மா. இந்தப் பட்டைப் போட்டா என்ன தப்பு?"

"தப்புதான். அலமாரியிலயே வைங்க." அத்தை அம்மாவின் முகத்தையே பார்த்தார். "எங்களைக் குழு ஏன் நம்பிச்சுன்னு நெனக்கிறீங்க? மூணு பேரு பாத்தோம்னு சொன்னதாலயா? பாக்காத ஒருத்தி பொய் சொல்லாததால."

அத்தை தடியை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

"எனக்கே சில சமயம் சந்தேகம் வரும். வெயில்ல கண்ணைக் கட்டி ஏதாவது தெரிஞ்சுதோன்னு. உடனே இவ வீட்டுக்கு ஓடிவருவேன். நாங்க பாத்ததுல இவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வரல."

தடியை மகளிடம் கொடுத்துவிட்டு, பெட்டியின் விளிம்பைப் பிடித்து அத்தை மெல்லக் கீழே இறங்கினார்.

"வேணாம் அத்தை, முட்டி தாங்காது."

"சும்மா இருடி."

அத்தை முழங்காலிட்டார். அவருக்குப் பின்னால் சலவைக்காரப் பெண்கள் முழங்காலிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் ஒன்றும் புரியாமலே முழங்காலிட்டார்கள். மடித்த பட்டை நெஞ்சோடு அணைத்தபடி தலைவரும் முழங்காலிட்டார். நின்றுகொண்டிருந்தவள் மகள் மட்டும்தான். அவள் தலை தானாக நிமிர்ந்தது.

அத்தையை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. பெட்டியைத் தூக்க வந்தவர்கள் அதுவரை காத்து நின்றார்கள்.