வழியனுப்பு மேடம்

ஆபீஸில் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'வழியனுப்பு மேடம்'. நர்சுகளை வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவது என் வேலை. வீடியோ இன்டர்வியூவுக்கு நேரம் வாங்கித் தருவதிலிருந்து விமானம் ஏற்றிவிடுவது வரை எல்லாம் நான்தான். "போங்கம்மா, திரும்பிப் பார்க்காம போங்க" என்று வாய் கிழியப் பேசுவேன். அந்த வாய்தான் அன்றைக்குப் பொய் சொன்னது.

அம்மாவுக்குப் பக்கவாதம். விழுங்க வராது, யார் ஊட்டினாலும் புரையேறி மூச்சு முட்டும். ஆஸ்பத்திரியில் அம்மா இருந்த வார்டில் ஒரே ஒரு நர்சுக்குத்தான் அந்தக் கைப்பக்குவம் இருந்தது. தலையணையை எவ்வளவு உயர்த்துவது, தாடையை எங்கே தாங்குவது, எப்போது நிறுத்துவது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அம்மா அவளைச் 'சிட்டு' என்பாள். குளறும் பேச்சில் தெளிவாக வந்த ஒரே சொல் அது.

சிட்டுவும் நான் அனுப்ப வேண்டியவள்தான். அன்று மூன்று மணிக்கு இன்டர்வியூ. இதை விட்டால் மறுபடி எப்போது ஆள் எடுப்பார்களோ, எனக்கே தெரியாது.

மதியம் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மேடம், எனக்கு அடுத்த டியூட்டிக்கு வர வேண்டிய சிஸ்டர் பக்கத்து வார்டுல மாட்டிக்கிட்டாங்க. நாலு மணி ஆயிடுமாம். பேஷண்டுங்கள ஒப்படைக்காம நான் எப்படிப் போறது? இன்டர்வியூவக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா?"

முடியும். ஒரு போன் போதும். வீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே எத்தனை பேருக்கு இப்படிப் போனிலேயே நேரம் மாற்றிக் கொடுத்திருக்கிறேன்! ஆனால் அவள் கையிலிருந்த ஸ்பூனைப் பார்த்தேன். இவளும் போய்விட்டால்?

"அவங்க ரொம்பக் கறார்மா. முடியாது," என்றேன்.

அவள் அழவில்லை. "பரவால்ல மேடம். எனக்குக் குடுத்து வெச்சது அவ்ளோதான்," என்று அடுத்த ஸ்பூனை நீட்டினாள். அம்மா வாயைத் திறக்கவில்லை. சிட்டு கெஞ்சிப் பார்த்தாள், கொஞ்சிப் பார்த்தாள். ம்ஹூம். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனதும், அம்மா நல்ல கையை நீட்டி என் மடியிலிருந்த செல்போனைத் தட்டினாள். இரண்டாவதாக ஒரு சொல் தெளிவாக வந்தது.

"பொய்."

ஐயோ, எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. உனக்காகத்தானேம்மா என்று சொல்ல வாயெடுத்துவிட்டு எழுந்தேன். வராந்தாவுக்கு ஓடிப் போன் போட்டேன். அதற்கென்ன, நாலரைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவ்வளவு சுலபம். சிட்டுவிடம் 'நாலரைக்கு மாத்தியாச்சு' என்று மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் சிட்டு மூச்சிரைக்க வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடுத்துக்கிட்டாங்க மேடம்! அவ்ளோ கறாரானவங்ககிட்ட எனக்காகப் பேசியிருக்கீங்களே, இத எப்படி மறப்பேன்?"

அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றுதான் வந்தது. அதையும் அவள் என் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நான் போறதுக்குள்ள அம்மாவுக்கு ஊட்ட உங்களுக்குக் கத்துக் குடுத்துடறேன்," என்று ஸ்பூனை என் கையில் திணித்தாள். தாடையைத் தாங்கினேன். ஸ்பூனை நீட்டினேன்.

அம்மா வாயைத் திறந்தாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.