எங்கள் நிறுவனர்

ஒரு கையால் கணினிக் கம்பிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேசைக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தாள் அக்கா. மேலே மூன்று பேர் காலையிலிருந்து ஒரே ஒரு கட்டத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கணினி தெரியாத கடைக்காரர்கூடத் தன் இணையதளத்தைத் தானே கட்டிக்கொள்ள ஒரு மென்பொருள். அதைத்தான் அந்தச் சின்ன அலுவலகம் செய்துகொண்டிருந்தது. ‘எங்கள் நிறுவனர்’ என்ற பக்கத்தில் மாதிரிக்கு எந்தப் படத்தை வைப்பது?

“கட்டம் காலியாவே இருக்கட்டும்,” என்றான் நிரல் எழுதுகிறவன்.

“காலியா இருந்தா ஆளுங்க மிரண்டு ஓடிடுவாங்க. ஒரு முகம் வேணும்,” என்றாள் வடிவம் போடுகிறவள்.

“அப்ப உன் முகத்த வை.”

“வச்சா, ‘எனக்குத் தெரியாம எத்தன கடை வச்சிருக்கே?’ன்னு என் மாமியார் கேப்பாங்க.”

முதலாளி மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். “அக்கா, கொஞ்சம் எந்திரிங்க. சிரிங்க.”

“எதுக்குய்யா? எதையாச்சும் ஒடச்சிட்டேனா?”

அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடே படம் எடுத்தார்கள். ஓரத்தில் தெரிந்த துடைப்பத்தை வெட்டிவிட்டார்கள். படத்துக்குக் கீழே முதலாளி தன் கையாலேயே நல்ல வார்த்தையாக ஒரு வரி தட்டினார்.

“படத்த மாத்தாம வெளியிட முடியாதுன்னு ஒரு தடை போட்டுடலாமா?” என்றான் நிரல்காரன்.

“தடைங்கிற பேச்சே வேணாம். ஒண்ணு போட்டா பாதிப் பேர் பாதிலயே போயிடுவாங்க. மாத்துறவன் மாத்திக்கட்டும்,” என்றார் முதலாளி.

பலரும் மாற்றவில்லை. ஆறே மாதத்தில் அக்கா பல் வைத்தியரானாள், லாரி கம்பெனி நடத்தினாள், நாய்களுக்கு முடி வெட்டினாள்.

“நேத்து உடற்பயிற்சிக் கூடம் தொறந்திருக்கீங்கக்கா!”

“அதான் முட்டி இந்த வலி வலிக்குதா!”

அக்காவை அங்கே வேலைக்கு அனுப்பியிருந்தது ஓர் ஒப்பந்த நிறுவனம். அங்கிருந்து ஒருநாள் தாள் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் வேலை. இரண்டு பேருந்து மாற வேண்டும். இங்கே என்றால் வீடு எதிர்த் தெரு. மதியம் ஓடிப்போய், படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனுக்கு ஊட்டிவிட்டு, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்துவிடுவாள்.

“ஐயா, நீங்க ஒரு வார்த்த சொன்னா…”

“அது உங்க கம்பெனி விஷயம்க்கா. நான் எப்படித் தலையிடுறது?” முதலாளிக்கு உண்மையாகவே வருத்தம்தான்.

அக்கா ஒப்பந்த நிறுவனத்துக்கே போனாள். வாசல் மேசையில் ஒரு பெண் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

“முதலாளியப் பாக்கணும்மா. கெடங்குக்கு மாத்திட்டாங்க. வீட்ல ஆளு எந்திரிக்க முடியாமக் கெடக்கு.”

“நெனச்ச நேரத்துக்கு வந்தா பாக்க முடியாதும்மா.” அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை.

அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய திரை. நிறுவனம் புதிதாகக் கட்டியிருந்த இணையதளம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கம் வந்தது. அக்கா, ஓர் ஆள் உயரத்துக்கு, வெட்கப்பட்டுச் சிரித்தாள். கீழே எழுதியிருந்தது: ‘எங்கள் நிறுவனர். இவர் கதவு தொழிலாளர்களுக்கு எப்போதும் திறந்திருக்கும்.’

அக்கா நாற்காலியின் நுனியில் உட்காரப் போனாள்.

“அங்க இல்லம்மா, அது கம்பெனிக்கு வர்ற கஸ்டமருங்களுக்கு. வெளிய படியில உக்காருங்க. போறப்ப கதவச் சாத்திட்டுப் போங்க.”