ரெண்டு மூட்டை மக்காச்சோளம்

"அண்ணி, உங்க குடித்தனக்காரங்க சௌக்கியமா?"

வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டான் பியங்டு. ஒக்சிம்முக்குக் கொழுந்தன். அவள் கணவன் செத்த வருஷமே நிலத்தைப் பிரித்துக்கொண்டவன்.

குடித்தனக்காரர்கள் என்று அவன் சொன்னது ஒரு ஜோடி செந்தலைப் பெருங்கொக்கை. ஐந்து பனிக்காலமாக வடக்கேயிருந்து நாட்டு எல்லை முள்வேலியைத் தாண்டி வந்து அவள் வயலில்தான் இறங்குகின்றன. இந்த வருஷம் பழுப்புக் கழுத்தோடு ஒரு குஞ்சும் கூட. சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் வைக்கோலைச் சுருட்டி விற்றுவிட, அவள் மட்டும் விட்டுவைத்தாள். அதனடியில் உதிர்ந்த நெல் மூன்று வாய்க்குப் போதும். வேறு கொக்கு கால் வைத்தால் ஜோடி சேர்ந்து கத்தி, விரட்டிவிட்டுத்தான் மறுவேலை.

"வரப்பு தெரிஞ்ச ஜென்மங்க," என்பாள் ஒக்சிம், அவன் காதில் விழும்படி.

ஜனவரியில் முழங்காலளவு பனி கொட்டியது. கொக்குகள் கிளறிக் கிளறி வெறும் அலகோடு நின்றன.

"போயிடுமோ, கொழுந்தனாரே?" வாய்தவறிக் கேட்டுவிட்டாள்.

"பட்டினி கிடக்கவா வந்துச்சுங்க? எங்கிட்ட ரெண்டு மூட்டை மக்காச்சோளம் இருக்கு, கொட்டுங்க."

"சும்மாவா?"

"அண்ணிக்கு இதுகூடச் செய்யலன்னா எப்படி?"

நடுவயலில் குவித்தாள். மறுநாள் காலை நூறு கொக்குக்கு மேல். ஜோடியின் ஆண் கொக்கு, ஒன்றை விரட்டினால் பின்னால் நாலு இறங்கின. உச்சிப்பொழுதுவரை ஓடி ஓடி விரட்டிப் பார்த்தது. பிறகு, யார் வயலோ என்பதுபோல் கூட்டத்தோடு நின்று கொத்த ஆரம்பித்தது. கொத்து வாங்கிய குஞ்சு வரப்போரம் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் சோளம் தீர்ந்தது. கூட்டம் எழுந்தது. ஜோடியும் எழுந்தது, குஞ்சும் பின்னாலேயே. பனி கரைந்து நெல் தெரிந்தபோதும் ஒன்றும் திரும்பவில்லை.

"இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க பக்கமும் ஒரு ஜோடி இருந்துச்சே அண்ணி, மறந்துட்டீங்களா? நானும் கொட்டினேன். சிதறிக் கிடந்தா காவல் காக்கும். குவிச்சு வெச்சா எத்தனை பேரைத்தான் விரட்டும்?"

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"போயிடுமோன்னு கேட்டது நீங்கதானே?" என்றபடி பியங்டு வரப்பைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தான். "அந்தக் காலிச் சாக்கு ரெண்டையும் குடுங்க."