முதற்கலம் உடைத்தவன்

மாலை ஞாயிறு முகிற்குவியலுள் மறைந்து, மழை ஓய்ந்த தெருவில் கூரைநீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்த அவ்வேளையில், கண்ணாடி உருக்கும் உலைகளின் செவ்வொளி சாளரந்தோறும் கசிந்து, ஈரக் கற்பாதையில் குருதிக் கோடுகளாய் நீண்டு கிடந்தது. அத்தெருவின் கோடியில், அண்ணனும் தங்கையுமாய் இருவர் தம் கைப்பொருளையெல்லாம் கொட்டி எழுப்பிய பட்டறை ஒன்றிருந்தது. அவன் வணிகம் பார்த்தான். அவள் கண்ணாடி ஊதும் குழலைப் பிடித்தாள்.

நற்சுவை அறிந்த வாசகரே, ஒருவரை நெஞ்சில் கோயில்கொள்ளச் செய்வது பிழையன்று; அக்கோயிலுக்கு எதைப் பலியிடுகிறோம் என்பதிலேதான் பிழை நுழைகிறது. அண்ணனின் நெஞ்சில் வீற்றிருந்தவர், வெறுங்கையோடு தொடங்கி வானளாவ வளர்ந்த, கடலோர நகரத்துக் கண்ணாடிப் பெருங்கலைஞர். எப்புதிய வடிவம் படைத்தாலும் அதன் முதற்கலத்தை அவர் தம் கையாலேயே உடைத்துவிடுவார் என்று இதழொன்றில் படித்த நாள்முதலாய், இவனும் அவ்வாறே செய்துவந்தான். கண்ணாடி நொறுங்கும் ஒவ்வோர் ஓசையிலும் தானும் ஒரு விரற்கடை உயர்வதாக அவனுக்கொரு மயக்கம். தங்கையும் அண்ணனின் கிறுக்குக்கு ஈடுகொடுத்துப் பழகியிருந்தாள்.

அன்று அவள் ஊதியிருந்தது ஒரு விளக்குக்கூடு. உலைச்சூடு ஏறி இறங்கிய தடுமாற்றத்தில், மயிற்கழுத்தின் நீலமும் விடியற்பொழுதின் சாம்பலும் குழைந்ததொரு நிறம், அவளே அறியாவண்ணம் அதில் வந்து குடியேறியிருந்தது. இந்நிறம் மீண்டும் வாய்க்குமென்று சொல்ல இயலாதென அவள் எடுத்துரைத்தாள்.

“இதுவரைக்கும் உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல அண்ணா. இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்.”

“அவரு பாசம் பார்த்திருந்தா அவ்வளவு உயரம் போயிருப்பாரா? நீ சும்மா இரும்மா.”

சுத்தியல் விழுந்தது.

அவள் அழவில்லை. குழலைத் துடைத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, உடுத்த உடையோடு வெளியேறி, அடுத்த தெருவில் புட்டி வார்க்கும் ஆலையில் கூலிக்குச் சேர்ந்தாள். அவன் அமர்த்திய ஊதுநர் எவர்க்கும் அந்நிறமும் வசப்படவில்லை, அவள் கைப்பக்குவமும் வாய்க்கவில்லை. வந்தவர் ஒவ்வொருவராய்க் கழன்றுகொள்ள, பட்டறை தேய்பிறையாய்த் தேய்ந்தது. நெஞ்சுரம் தேடி அவன் அப்பெருங்கலைஞரையே காணச் சென்றான். நோயில் இளைத்துச் சாய்வு நாற்காலியிற் கிடந்த அம்முதியவர், முதற்கலம் உடைக்கும் தன் நோன்பை அவன் பெருமை பொங்க விரிக்கக் கேட்டு முதலில் நகைத்தார். அவன் முகத்தைக் கண்டதும் நகைப்பு அவிந்தது.

“அது கை நழுவி விழுந்துச்சுப்பா. பத்திரிகைக்காரர் பார்த்துட்டார். வெக்கமாப் போச்சு; எப்பவும் வேணும்னுதான் உடைப்பேன்னு அளந்துவிட்டேன். நீ நிஜமாவே உடைச்சியா?”

அங்கிருந்து திரும்பியவன், நேரே ஆலைவாயிலில் போய் நின்றான். வேலை முடிந்து, கரிபடிந்த முகத்தோடு வந்த தங்கையிடம் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னான். திரும்பி வந்துவிடென்றும் இரந்தான். அவள் அவனைப் பார்த்தாள். அப்பார்வையில் சினம் இருந்திருந்தால் அவனுக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

“அவருக்குக் கை நழுவிச்சு. உனக்கு நழுவலையே அண்ணா.”

சாப்பிட்டாயா என்றும் ஒரு வார்த்தை கேட்டாள். பின்னர்க் கூட்டத்தோடு நடந்து மறைந்தாள்.

பெரியோரைத் தொடர்வோர் பலர், அவர் பட்ட பாட்டை விடுத்து, அவர் சொன்ன கதையைப் பற்றிக்கொள்கின்றனர். அக்கதைக்கு விலை கொடுப்பவரோ, பெரும்பாலும், அருகே நின்று உழைத்த வேறொருவராகவே இருக்கின்றார். ஆலைச் சங்கு ஊதி அடங்கியது. அடுத்த முறை வேலைக்குரியோர் உள்ளே சென்றபின், காவலன் வாயிற்கதவைச் சாத்தினான். அண்ணன் மட்டும் வெளியே நின்றுகொண்டிருந்தான்.