ஒரு லட்சத்து எட்டை ஏழால் வகுத்தவர்கள்

வெம்பிளியில் கனகாம்பிகை மாமி வீட்டில், அவரோடு சேர்த்து ஏழு பெண்கள் கூடியிருந்தார்கள். ‘சிவாயநம’ என்று ஒரு லட்சத்து எட்டுத் தடவை எழுதிக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் சம பங்கு. ஏழால் வகுத்தால் ஆறு மிஞ்சியது.

மாமியின் பொங்கலில் உப்பில்லை என்று சொன்னதற்காகக் குழுவிலிருந்து நீக்கப்பட்ட தன் தோழி பவளக்கொடியைத் திரும்பச் சேர்க்க, எழுவரில் ஒருத்தியான சயந்தினிக்கு இதுதான் வாய்ப்பு.

“மாமி, எட்டுப் பேரெண்டால் மிச்சமே வராது. பவளக்கொடியைக் கூப்பிடுவமே?”

“அவவோ? ஏலாது!” மாமி யோசித்தார். “ஆறு பேரெண்டால்?”

சயந்தினி மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“அதுவும் சரியாத்தான் வரும், மாமி.”

“அப்ப ஒராள் குறைஞ்சால் போதும்,” என்று மாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

மறுகணம் மற்ற ஆறு பேரும் போனை எடுத்து ஒரே நேரத்தில் பவளக்கொடியை அழைத்தார்கள். ஒருவருக்கும் லைன் கிடைக்கவில்லை.